ஓய்ந்த சரிவு

12 பிப்ரவரி 1986

அன்புள்ள அக்கா,

உறை மேல் என் கையெழுத்தைப் பார்த்ததும் யாரோ செத்துவிட்டார்கள் என்று நினைத்திருப்பாய். யாரும் சாகவில்லை. நல்ல செய்திதான். வீடு வாங்கிவிட்டேன்.

ஓடைக்கு எதிர்க்கரையில், மலையை ஒட்டிப் புதிதாக ஒரு தெரு போட்டிருக்கிறார்கள். மேல்தெரு என்கிறார்கள். அதில் கடைசிக்கு முந்தின வீடு. இரண்டு அறை, ஒரு கூடம், சமையலறைக்குத் தனிப் பின்வாசல். முன் சன்னலைத் திறந்தால் ஓடைக்கு இந்தப் பக்கம் என் கண்ணாடிக் கடையின் தகரக் கூரை தெரிகிறது. ஊருக்கெல்லாம் மூக்குக் கண்ணாடி மாட்டிவிட்டு நான் மட்டும் வாடகை வீட்டு இருட்டில் தடவிக்கொண்டிருந்தேன். இனி அந்தப் பேச்சு இல்லை. குட்டிக்குத் தனி அறை. எட்டு வயதில் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள், பெரிய அதிகாரி மாதிரி. அத்தை புத்தி.

இதை உன்னிடம் சொல்லக் காரணம் இருக்கிறது. வீட்டை வாங்க வைத்ததே நீதான். சில வருஷம் முன்னால் ஒரு தடித்த புத்தகத்தைத் தபாலில் அனுப்பினாயே, 'உன் ஊரை நான்தான் அளந்தேன், அட்டையில் என் பெயரைப் பார்' என்று சீட்டு வைத்து? கோபத்தில் அதைப் பிரிக்காமலே பரணில் போட்டிருந்தேன். தரகர் இந்த வீட்டைக் காட்டியபோது, மலையடிவாரமாயிற்றே என்று என் வீட்டுக்காரி பயந்தாள். அப்போது உன் புத்தகம் ஞாபகம் வந்தது. தூசி தட்டி, வரைபடத்தை விரித்து, இந்த இடத்தைத் தேடிப் பிடித்தேன். பழுப்பு வண்ணம் பூசி நீயே எழுதியிருந்தாய்: ஓய்ந்த சரிவு. "அக்காவே எழுதியிருக்கா பாரு, ஒரு காலத்துல சரிஞ்சது, இப்ப ஓஞ்சுபோச்சுன்னு. அரசாங்கமே சொன்ன பிறகு வேற என்ன வேணும்?" என்றேன்.

அம்மா விஷயத்தை நான் மறந்துவிட்டேன் என்று இதற்கு அர்த்தமில்லை. ஆனாலும் வீட்டைப் பார்க்க வா. கல்லைக் கட்டிக்கொண்டு காடு மேடெல்லாம் அலைகிறவளுக்கு ஒரு மூலையில் இடம் தரமாட்டேனா?

உன் தம்பி


9 மார்ச் 1986
கள முகாம்

தம்பி,

உன் கடிதம் தலைமை அலுவலகம் போய், அங்கே யார் மேசையிலோ கிடந்து, இன்றுதான் ஜீப்பில் அரிசி மூட்டையோடு வந்தது. படித்த கையோடு எழுதுகிறேன். மடியில் வைத்து எழுதுவதால் எழுத்து கோணலாக இருக்கும், பொறுத்துக்கொள்.

அந்த வீட்டை விட்டு வெளியே வா.

'ஓய்ந்த' என்பதை நீ ஊர்ப் பேச்சாகப் படித்துவிட்டாய். எங்கள் நிலவியல் துறையில் சரிவுக்கு மூன்று சொல் வைத்திருக்கிறோம். நகர்வது என்றால் இப்போதே அசைந்துகொண்டிருக்கிறது. நிலைத்தது என்றால் இனி அசையாது. இரண்டுக்கும் நடுவில்தான் ஓய்ந்தது: நம் காலத்தில் அசையவில்லை, மழை வலுத்தால் அசையலாம். மாடு படுத்திருக்கிற மாதிரி. படுத்திருப்பதால் அது எழுந்திருக்கவே எழுந்திருக்காது என்று யாராவது சொல்வார்களா?

முதலில் 'உறங்கும் சரிவு' என்றுதான் எழுதினேன். சொற்களை முடிவு செய்கிற கூட்டத்தில் இயக்குநர், "என்னம்மா, நாம கதையா எழுதறோம்? மலை எங்கயாவது உறங்குமா?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டு மாற்றினேன். அர்த்தம் எங்களுக்குள் எல்லோருக்கும் தெரியும். கண்ணாடிக் கடைக்காரன் ஒருவன் அதைப் படித்துவிட்டு வீடு வாங்குவான் என்று எங்கள் யாருக்கும் தோன்றவில்லை.

அந்த மலையைக் காலால் நடந்து அளந்தவள் நான். உன் தெரு இருக்கிற இடம் அப்போது காடு. மரங்களெல்லாம் அடியில் முழங்கை மாதிரி வளைந்து, அதற்கு மேல் நிமிர்ந்திருந்தன. மண் மெல்ல மெல்லக் கீழே இறங்கும்போது மரம் அப்படித்தான் தன்னைத் திருத்திக்கொள்ளும். அந்த மரங்களை வெட்டித்தான் தெரு போட்டிருப்பார்கள். அவளையும் குட்டியையும் கூட்டிக்கொண்டு மழைக்காலத்துக்கு முன் வெளியேறு. வீட்டை விற்பதா பூட்டுவதா என்று அப்புறம் யோசித்துக்கொள்ளலாம்.

அக்கா


27 மார்ச் 1986

மரியாதைக்குரிய அதிகாரி அவர்களுக்கு,

அர்த்தம் உங்களுக்குள் எல்லோருக்கும் தெரியுமாம். பிறகு எதற்கு அச்சடித்தீர்கள்? உங்களுக்குள்ளேயே காதில் சொல்லிக்கொண்டு போக வேண்டியதுதானே! மழை ஓய்ந்தது என்றால் நாங்கள் குடையை மடக்குவோம். நீங்கள் விரிப்பீர்கள் போலிருக்கிறது.

அம்மா மாதக்கணக்கில் படுத்த படுக்கையாகக் கிடந்தாள். "அவ இப்ப எந்த மலையில இருக்கா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். தந்தி அடித்தேன். நீ வந்து சேர்ந்தபோது கட்டிலை மடித்துச் சுவரில் சாய்த்தாகிவிட்டது. வாசலில் நின்று "ஜீப் கிடைக்கல" என்றாய். அந்த ஒரு பேச்சுக்காகத்தான் நான்கு வருஷம் உன்னோடு பேசவில்லை. அன்றைக்கு ஜீப் கிடைக்காதவளுக்கு இன்றைக்கு என் வீட்டின் மேல் எங்கிருந்து அக்கறை வந்தது? நீ படித்தாய், நான் கடையில் உட்கார்ந்தேன். நீ ஊர் ஊராகப் போனாய், நான் அம்மாவுக்கு முதுகு துடைத்துவிட்டேன். முதல்முறையாக எனக்கென்று நாலு சுவர் எழும்பினால் அது உன் கண்ணை உறுத்துகிறது.

தெரு முழுக்க ஆட்கள் இருக்கிறார்கள், தெரியுமா? வாத்தியார் இருக்கிறார், லைன்மேன் இருக்கிறார், கைக்குழந்தையோடு ஒரு நர்ஸ் இருக்கிறாள். எல்லோருக்கும் உயிர் வெல்லம்தான். அவர்களெல்லாம் முட்டாளா, அல்லது உன் கூடப் பிறந்தவன் மட்டும்தான் முட்டாளா?

பதில் போட வேண்டாம்.


2 மே 1986

தம்பி,

பதில் போட வேண்டாம் என்று எழுதிவிட்டு வாசலில் தபால்காரரைப் பார்த்துக்கொண்டிருப்பாய். உன்னை எனக்குத் தெரியும்.

அம்மாவை உன் தலையில் கட்டிவிட்டுப் போனேன் என்ற கோபம் உன்னை விட்டுப் போகாது. ஆயுசுக்கும் திட்டு, கேட்டுக்கொள்கிறேன். ஆனால் அந்தக் கோபத்தை அந்த வீட்டுக்குள் வைத்துப் பூட்டிக்கொண்டு உட்காராதே.

வீட்டில் யாரிடமும் சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு சரிவைப் பார்த்து அறிக்கை எழுத அனுப்பினார்கள். அலுவலகத்தில் நான் ஒருத்திதான் பெண். ஜீப் டிரைவர் தன் மழைக்கோட்டை எனக்குக் கொடுத்துவிட்டு நனைந்துகொண்டே வந்தார். ஊர் இருந்த இடத்தில் சேறு. ஒரு மனிதர் ஒரு கதவை முதுகில் சுமந்துகொண்டு மேலும் கீழும் நடந்துகொண்டிருந்தார். "எங்க கொண்டுபோறீங்க?" என்று கேட்டேன். "இது ஒண்ணுதான் கிடைச்சுது" என்றார். அவருக்குப் பக்கத்தில் நின்றுதான் நாடா பிடித்துச் சரிவின் அகலத்தை அளந்தேன். ஒரு பை மண் எடுத்துக் கட்டினேன். நல்ல அறிக்கை என்று பாராட்டினார்கள். என் உத்தியோகம் பூராவும் இதுதான். முகாம், சுத்தியல், காம்பஸ், பிறகு மழைக்காலத்தில் யாரோ செத்த இடத்தில் நாடா. எப்போதும் நடந்த பிறகுதான் போவோம். நடப்பதற்கு முன்னால் நான் போனது ஒரே ஊருக்குத்தான். அது உன் ஊர். அதற்குத்தான் அப்படி ஒரு சொல்லைப் போட்டு வைத்தேன்.

என்னை நம்ப வேண்டாம். வீட்டையே கேள். வாசல் விளக்குக் கம்பம் நேராக நிற்கிறதா என்று பார். பின்பக்கக் கதவு ஒழுங்காகச் சாத்துகிறதா என்று அவளைக் கேள். வெயில் காலத்திலும் பின்சுவரின் அடி ஈரமாக இருக்கிறதா என்று தொட்டுப் பார்.

அந்தச் சொல்லை மாற்ற வேண்டும், ஊர் நிர்வாகத்துக்குத் தெரிவிக்க வேண்டும் என்று இயக்குநரிடம் எழுத்தில் கொடுத்திருக்கிறேன். "அடுத்த பதிப்புல பாத்துக்கலாம்மா. இப்ப கிளப்பினா ஊரே அலறும்" என்கிறார். விடமாட்டேன். தினமும் போய் அவர் உயிரை வாங்கிக்கொண்டிருக்கிறேன்.

அக்கா


20 ஜூன் 1986

அக்கா,

கம்பம் நேராகத்தான் நிற்கிறது, உன் வேலையைப் பார் என்று எழுத உட்கார்ந்தேன். எழுதுவதற்கு முன் கொத்தனாரிடம் தூக்குக்குண்டை இரவல் வாங்கிக் கட்டித் தொங்கவிட்டுப் பார்த்தேன். பள்ளத்துப் பக்கம் சாய்ந்திருக்கிறது. தினமும் அதைக் கடந்துதான் கடைக்குப் போகிறேன். ஊரார் கண்ணைச் சோதிக்கிறவனுக்குக் கண் தெரியவில்லை.

பின்கதவைப் பற்றிக் கேட்டதும் இவள் முகம் வெளிறிவிட்டது. தச்சரைக் கூப்பிட்டு எனக்குத் தெரியாமல் இழைக்க வைத்திருக்கிறாள். மறுபடியும் பிடிக்கிறதாம். "ஏன்டி சொல்லல?" என்றால், "புது வீட்டைக் குறை சொன்னா உங்க மூஞ்சியைப் பாக்க முடியாது, அதான்" என்கிறாள். அப்புறம் ஒரே அழுகை. "வீடு போனா போகட்டும். குட்டியத் தூக்கிக்கிட்டு நான் போறேன். நீங்க வேணும்னா சுவத்தைக் கட்டிப் புடிச்சுக்கிட்டு உக்காந்திருங்க" என்றாள்.

ஓடைக்கு இந்தப் பக்கம், கடைக்கு மேலே சாமான் போட்டு வைத்திருந்த மாடி அறையைக் காலி செய்துகொண்டிருக்கிறோம். மாதக் கடைசியில் வந்துவிடுவோம். உன் பேச்சைக் கேட்டு என்று நினைத்துக்கொள்ளாதே. இவள் அழுகை தாங்காமல்.

மலை அப்படியே நிற்கட்டும், அப்புறம் உன்னை வைத்துக்கொள்கிறேன்.

தம்பி


8 ஜூலை 1986

என் தங்கத் தம்பி,

உன் வீட்டுக்காரியின் வாய்க்குச் சர்க்கரை போட வேண்டும். நான் பக்கம் பக்கமாக எழுதி நடக்காததை ஒரே அழுகையில் நடத்திவிட்டாள். மார்ச்சிலிருந்து எனக்குச் சரியான தூக்கம் இல்லை. உன் கடிதத்தைப் படித்த அன்றைக்கு மத்தியானம் அலுவலக மேசையிலேயே தலை வைத்துத் தூங்கிவிட்டேன். பியூன் வந்து தட்டி எழுப்பினார்.

இன்னொரு செய்தி. என்னைத் துணை இயக்குநர் ஆக்கியிருக்கிறார்கள். தனி அறை, சுழலும் நாற்காலி. சுழன்று பார்த்தேன், தலை சுற்றியது. அந்தச் சொல்லைப் பற்றிக் கேட்கத்தான் இயக்குநரின் அறைக்குப் போனேன். அவர் எழுந்து நின்று உத்தரவைக் கையில் கொடுத்தார். அந்த நேரத்தில் வேறு எதையும் எடுக்க வாய் வரவில்லை. இனி அவசரமும் இல்லை. அடுத்த பதிப்பு என் மேற்பார்வையில்தான் வரும், அப்போது பார்த்துக்கொள்ளலாம்.

நீங்கள் மூன்று பேரும் ஓடைக்கு இந்தப் பக்கம் இருக்கிறீர்கள். எனக்கு அது போதும்.

அக்கா


14 செப்டம்பர் 1986

அன்புள்ள துணை இயக்குநர் அக்கா,

ஆறு முகாம் சுற்றினாலும் சுழலும் நாற்காலிதான் நாற்காலி என்று குட்டி எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிகிறாள். மாடி அறையில் கால் நீட்ட இடமில்லை. இரும்பு பீரோவுக்கும் கட்டிலுக்கும் நடுவே பக்கவாட்டில் நடந்து பழகிவிட்டோம்.

வீட்டுக்கு வாடகைக்கு ஆள் கிடைத்துவிட்டார்கள். நம் ஊர் பஸ் டிரைவர் ஒருவர். ஒவ்வொரு வளைவிலும் ஹாரனை விடாமல் அடிப்பார் என்பதால் ஊரில் அவருக்கு ஹாரன் என்றே பெயர். மனைவியும் இரண்டு பெண் குழந்தைகளும். குடியிருந்த இடத்தைத் திடீரென்று காலி பண்ணச் சொல்லிவிட்டார்கள், பாவம். பூட்டிக் கிடந்தால் வீடு பாழாகும். மூன்று மாதமாக ஒன்றும் ஆகவில்லை, கதவுகூட இப்போது சரியாகச் சாத்துகிறது.

ஹாரன் மட்டும் ஒருமுறை கேட்டார். "மலை ஒண்ணும் பண்ணாதே சார்?" என்றார். நானாக எதையும் சொல்ல வேண்டாம் என்று உன் புத்தகத்தையே விரித்து வைத்தேன். அவருடைய பெரிய பெண் போன மாதம்தான் என் கடையில் கண்ணாடி போட்டாள். புதுக் கண்ணாடியோடு அவளே எழுத்துக் கூட்டிப் படித்தாள், "ஓய்ந்த சரிவு" என்று. "அப்ப சரி" என்று சிரித்தார்.

நீ குதிக்காதே. நாங்கள் வெளியே வந்தது உன் மனசுக்காகவும் இவள் கண்ணீருக்காகவும். அவர்களுக்கு நான் காட்டியது அரசாங்கம் அச்சடித்தது.

தம்பி


4 அக்டோபர் 1986

தம்பி,

சுற்றுப்பயணத்திலிருந்து இன்று வந்தேன். கடிதத்தைப் பார்த்தேன். தந்தி அடித்துவிட்டு இதை எழுதுகிறேன்.

அவர்களைக் காலி செய்யச் சொல். சாமானைப் பற்றி யோசிக்க வேண்டாம். உன் மாடி அறையில் கூட்டி வந்து வை, கடையில் படுக்க வை, எங்கேயாவது வை. என் கடிதங்களைக் காட்டு, எல்லாவற்றையும் காட்டு. வாத்தியாரிடமும் லைன்மேனிடமும் அந்த நர்ஸிடமும் சொல். அக்கா சொன்னாள் என்று சொல். துணை இயக்குநர் சொன்னார் என்று சொல்.

உங்கள் ஊர் நிர்வாக அதிகாரிக்குத் தொலைபேசி போட்டேன். "எழுத்துல குடுங்க மேடம்" என்றார். எழுதிக்கொண்டிருக்கிறேன். வானொலியில் உங்கள் பக்கம் மழை என்று சொல்கிறார்கள்.

கதவு ஏன் இப்போது சரியாகச் சாத்துகிறது தெரியுமா? கதவு நிலையும் சேர்ந்து நகர்ந்திருக்கிறது.

அக்கா


11 அக்டோபர் 1986

அக்கா,

உன் தந்தி மழையில் தாமதமாகித்தான் வந்தது. அதற்கு முன்பே எல்லாம் முடிந்துவிட்டது.

விடாத மழை. காலையில் பள்ளிக்கூடத்துக்குக் கிளம்புகிற நேரம். ஹாரன் முதல் நடை எடுத்துக்கொண்டு போயிருந்தார். ஓடைக்கு இந்தப் பக்கம் ரோடு வளைகிற இடத்தில் ஹாரன் அடித்தால் அந்த வீட்டுக்குக் கேட்கும். பெண்கள் இரண்டும் வாசலுக்கு ஓடி வந்து கை காட்டும். அதற்காகவே அங்கே நீளமாக அடிப்பாராம். அன்றைக்கும் அடித்தார். மாடியில் நாங்கள் கேட்டோம். பிறகு மலைப் பக்கமிருந்து லாரியில் கல் கொட்டுகிற மாதிரி ஒரு சத்தம். பிறகும் ஹாரன் நிற்கவில்லை. சன்னலைத் திறந்தேன். எதிரே மேல்தெரு இல்லை. பஸ் வளைவில் நின்றுகொண்டிருந்தது. அவர் கையை எடுக்காமல் ஹாரனை அழுத்திக்கொண்டே இருந்தார். பயணிகள்தான் ஏறிப் பிடித்து இழுத்தார்கள்.

அவர் மனைவி, இரண்டு பெண்கள். வாத்தியார் வீட்டில் எல்லோரும். நர்ஸ் ஆஸ்பத்திரியில் இருந்ததால் பிழைத்தாள், குழந்தை இல்லை. மற்றவர்களை எழுத எனக்குக் கை வரவில்லை. நாடா எடுத்துக்கொண்டு உன் ஆட்கள் வந்திருக்கிறார்கள். அளக்கிறார்கள்.

ஹாரன் தினமும் கடைக்கு வருகிறார். கண் பரிசோதனை நாற்காலியில் உட்கார்ந்து, எழுத்து அட்டையைப் பார்த்துக்கொண்டே கேட்கிறார், "சார், நீங்க ஏன் காலி பண்ணீங்க?" கோபமே இல்லை. நேரம் என்ன என்று கேட்கிற மாதிரிக் கேட்கிறார். "கடைக்குப் பக்கத்துல இருந்தா வசதின்னு" என்றேன். தலையை ஆட்டிவிட்டுப் போனார். மறுநாள் வந்து, முதல்முறை கேட்பது போல மறுபடியும் அதையே கேட்டார். இன்றைக்கும் கேட்டார். அவர் குரல் கேட்டால் இவள் மாடிப்படியில் உட்கார்ந்து வாயில் முந்தானையை வைத்து அடைத்துக்கொள்கிறாள்.

நாளைக்கும் வருவார். நான் என்ன சொல்லட்டும்? நீ படித்தவள். நீ சொல்.


18 அக்டோபர் 1986

தம்பி,

'வரலாறு காணாத மழை' என்று எங்கள் துறை பத்திரிகைக்குக் கொடுத்த அறிக்கையைப் பார்த்திருப்பாய். அதில் கையெழுத்துப் போடச் சொன்னார்கள். போடவில்லை. இயக்குநர் கதவைச் சாத்திவிட்டு, "உங்க தம்பி அங்க குடியிருந்தது இங்க யாருக்கும் தெரியாது. தெரியவும் வேண்டாம்மா" என்றார். என் நன்மைக்குத்தான் சொன்னார். ஏப்ரலில் நான் கொடுத்த குறிப்பையும், ஜூலையில் அதைக் கேட்காமல் திரும்பி வந்ததையும், உனக்குக் கடிதம் எழுதியதையும் எழுதி விசாரணைக் குழுவுக்கு நேரடியாக அனுப்பிவிட்டேன். இனி அந்த நாற்காலி எனக்கில்லை. அதைப் பற்றி ஒன்றும் எழுத வேண்டாம்.

நான் உனக்கு எழுதியதையெல்லாம் யோசித்துப் பார்க்கிறேன். நீ வெளியே வா, அவளைக் கூட்டிக்கொண்டு வா, குட்டியைக் கூட்டிக்கொண்டு வா. தெரு முழுக்க ஆட்கள் இருக்கிறார்கள் என்று நீதான் எழுதினாய். அதை உன் வாய்த்துடுக்கு என்று எடுத்துக்கொண்டேன். இருபத்தாறு வருஷமாக மலைகளைப் பார்க்கிறவள், அந்த மலையடியில் மூன்று பேர் மட்டும்தான் குடியிருப்பது போல எழுதியிருக்கிறேன். நீங்கள் மூவரும் இறங்கியதும் எனக்கு மலை நின்றுபோனது.

உன்னையும் நான் விட்டுவிடப் போவதில்லை. அவரிடம் புத்தகத்தைக் காட்டினாய், என் கடிதத்தைக் காட்டவில்லை. இரண்டும் உன் அலமாரியில்தான் இருந்தன. அதை நீ சுமக்கத்தான் வேண்டும். நான் வாங்கிக்கொள்ள முடியாது.

நாளைக்கு அவர் வந்து கேட்டால் வசதி கிசதி என்று பொய் சொல்லாதே. அக்கா சொன்னாள், அதனால் காலி பண்ணினோம் என்று சொல்லிவிடு. அடுத்து என்ன கேட்பார் என்று எனக்குத் தெரியும். "எங்ககிட்ட ஏன் சொல்லல?" என்று கேட்பார். அதற்கு நீ வாயைத் திறக்காதே. அதற்கு என்னிடம் பதில் இருக்கிறது. நீ என் தம்பி. அவர் எனக்கு யாரோ. அவ்வளவுதான் காரணம். துறை, பதிப்பு, சொல் என்று எதையும் முன்னால் நிறுத்தாமல் அதை அவர் முகத்தைப் பார்த்து நான்தான் சொல்ல வேண்டும்.

சனிக்கிழமை வருகிறேன். பஸ் நிலையத்துக்கு நீ வர வேண்டாம். இறங்கி அவர் டிப்போ எங்கே என்று விசாரித்து, நேராக அங்கே போகிறேன். அதற்கு அப்புறம் வீட்டுக்கு வருகிறேன், அல்லது வரவில்லை. எனக்காகக் காத்திருக்காமல் சாப்பிட்டுவிடுங்கள்.

அக்கா